நாற்பத்திரண்டாவது வரிசை

இபாவை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். 'சரி' என்ற சொல்லை அவள் முதல் தடவையிலேயே சொல்லி நான் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்பாள். குறைத்துப் போட்டால் டீயில் வாசனைக்குப் போடும் மரமிய்யா இலை பழசு என்பாள். முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, கீழ்த்தெருவில் அம்மாவோடு இருந்தாள். பெண் கேட்டு வந்த ஒருவரிடம், அவர் சொன்ன சம்பளத்தையும் அவர் வேலை பார்க்கும் இடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, "ரெண்டுல ஒண்ணு பொய், எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்டவள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

அப்படிப்பட்டவளைப் பற்றி எழுத நான் ஏன் உட்கார்ந்தேன் என்றால், எங்கள் தெரு இன்றைக்கும் ஊரில் ஒரு தெருவாக இருப்பதே அவளால்தான். இதைச் சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. எனக்கே இப்போதுதான் வந்திருக்கிறது.

எங்கள் ஊர் கஃபர் லூஸ். இர்பித் நகரத்திலிருந்து வடக்கே போனால் மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் உண்டு. அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டி நிரம்ப வேண்டும், துணி துவைக்க வேண்டும், தரை கழுவ வேண்டும், பிள்ளைகளின் தலையையும் தேய்த்துவிட வேண்டும். கல்யாணத்துக்குத் தேதி குறிப்பவர்கள்கூடத் தண்ணீர் நாளைத் தாண்டித்தான் குறிப்பார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று சீறும், மீட்டர் கிறுகிறுவென்று சுற்றும். அந்தச் சீறலை முதலில் கேட்டவள் மற்ற வீடுகளுக்குப் போன் போடுவாள். நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் பிழைத்தோம்.

பிறகு தண்ணீர்க் கம்பெனி அதற்கு ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்றது. ஃபலாஃபில் கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் வேலை பார்த்த எங்கள் அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தது. ஊரில் நாற்பத்திரண்டு பகுதிகள். நாற்பத்திரண்டு வரிசையில் ஒரு அட்டவணை. பகுதியின் பெயர், கிழமை, திறக்கும் நேரம், மூடும் நேரம், இப்போதைய நிலை, வால்வுக்காரரின் போன் எண். வால்வுக்காரர்கள் தங்கள் போனிலிருந்து 'திறந்தேன்', 'மூடினேன்' என்று அனுப்புவார்கள். அதை வாங்கிச் சேர்த்து வைக்கும் சர்வர் வேலை என்னுடையது. அதை ஜனங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்வது இபாவின் வேலை.

அவள் நாற்பத்திரண்டு வரிசையையும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரே ஒரு வரிசையை எழுதி, பட்டியலில் எத்தனை பகுதி உண்டோ அத்தனை தடவை இதையே திரும்பப் போடு என்று சொல்லிவிடுவாள். அந்த ஒரு வரிசைக்குள் நிபந்தனைகள் இருக்கும். தண்ணீர் ஓடுகிறதென்றால் பச்சைத் துளி காட்டு, முடிந்துவிட்டால் அடுத்த முறை வரை அந்தத் துளியோடு மூடிய நேரத்தையும் காட்டு, முறை வந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் 'வரவில்லை' என்று சிவப்பில் எழுது. இதில் என்ன பெரிய வித்தை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வித்தை எங்கே என்பது அவள் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துபோயிற்று. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மூடும் நேரம் என்று ஒன்று இருக்காதே. அதனால் மூடும் நேரத்தின் கட்டத்தையே அந்த வரிசையில் போடாதே என்று நிபந்தனை எழுதிவிட்டாள். கட்டம் ஒன்று குறைந்ததும் அதற்குப் பின்னாலிருந்தவை எல்லாம் ஓர் இடம் நகர்ந்தன. எங்கள் எழுத்தைப் போலவே எங்கள் அட்டவணையும் வலமிருந்து இடம் ஓடுவது. மூடும் நேரத்தின் கீழே பச்சைத் துளியும், நிலையின் கீழே வால்வுக்காரர் போன் எண்ணும் வந்து உட்கார்ந்தன. நிலை என்ன என்று பார்த்தவர்களுக்கு ஏழு ஒன்பது ஐந்து என்று தொடங்கும் நம்பர். ஊரே சிரித்தது. காபிக்கடையில், "இன்னிக்கு நம்ம தண்ணியோட நிலைமை எழுநூத்துத் தொண்ணூத்தஞ்சாம்பா" என்று ஒரு மாதம் பேசினார்கள். அவள் அம்மா காதிலும் விழுந்தது.

இபா அழவில்லை. உட்கார்ந்து திருத்தினாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கட்டம் எப்போதும் இருக்க வேண்டும், உள்ளே வெறுமையாக இருந்தாலும் சரி. நிபந்தனை என்பது கட்டத்துக்குள்ளே இருப்பதற்குத்தான், கட்டத்துக்கு இல்லை. வரிசைக்கோ நிபந்தனையே கிடையாது. தினமும் காலையில் வந்ததும் பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டு நாற்பத்திரண்டையும் எண்ணுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன ஜூலையில் எங்கள் மேல்மேட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆம், நான் மேல்மேட்டுக்காரன். சரிவின் உச்சியில் இருக்கிறோம். எங்களுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் கம்பெனி இன்னொரு பம்பைத் தனியாக நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓட்டவில்லை. அட்டவணையில் நாற்பத்திரண்டாவது வரிசை எங்களுடையது. அதில் சிவப்பாக 'வரவில்லை' என்று இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, காலிக் கேன்களோடு கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். கம்பெனியின் துணை இயக்குநர் தௌகானுக்கு, மரியாதையாகச் சொன்னால் தௌகான் பேக்குக்கு, அது பிடிக்கவில்லை. மறுநாளே எங்கள் முதலாளி நாயிஃபுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தண்ணீர் வராத பகுதியின் வரிசை இணையப் பக்கத்தில் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

நாயிஃப் கெட்டவர் இல்லை. பயந்தவர். காபியோடு இபாவின் மேசைக்கு வந்து, வராத இடத்தைக் காட்டி என்ன பிரயோஜனம், வந்த இடத்தை மட்டும் காட்டினால் போதாதா, ஒரு வார்த்தை சேர்க்கிற வேலைதானே என்று இதமாகத்தான் கேட்டார். உண்மையிலேயே ஒரு வார்த்தை வேலைதான். கட்டத்துக்குள் இருக்கும் நிபந்தனையைத் தூக்கி வரிசையின் தலையில் வைத்தால் முடிந்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க, உஸ்தாத்" என்றாள் இபா. "கட்டத்துக்குள்ள என்ன வேணா மாத்தறேன். செவப்பு வேணாமா, கறுப்புல எழுதறேன். எழுத்து பெருசா, சின்னது பண்றேன். வரிசைய எடுக்க மாட்டேன்."

"உன் வீட்டுக்குத்தான் ஒழுங்கா தண்ணி வருதே. உனக்கென்ன வந்துச்சு?"

"வருது. அதனாலதான் நான் சொல்றேன். வராதவன் சொன்னா அழறான்னு சொல்லிடுவீங்க."

நாயிஃப் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இபா பதினோரு நாள் விடுப்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் போன அன்றைக்கே நாயிஃப் என்னிடம் வந்தார். அவள் பக்கத்தைத் தொட வேண்டாம், உன் சர்வரிலிருந்தே வராத பகுதியை அனுப்பாமல் விட்டுவிடு, அவள் எழுதியது அப்படியே இருக்கட்டும் என்றார். வந்த பட்டியலில் இருப்பதைத்தானே அவள் பக்கம் திரும்பத் திரும்பப் போடும். பட்டியலில் இல்லாததை எப்படிப் போடும்? எனக்கு மூன்று பிள்ளைகள். நாற்பத்தேழு வயது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் சொந்தத் தெருவை என் கையாலேயே எடுத்தேன். செய்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது வாரமும் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் கம்பெனி வாசலுக்குப் போகவில்லை. ஏனென்றால் பக்கத்தில் 'வரவில்லை' என்று எங்குமே இல்லை. மேல்மேடு என்றே எதுவும் இல்லை. மற்ற எல்லாருக்கும் பச்சைத் துளி. அதனால் எங்கள் ஆட்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? கம்பெனி விட்டிருக்கிறது, நம் வீட்டுக் குழாயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். தொட்டி மிதவையைக் கழற்றிப் பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள். லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்தோம். என் எதிர்வீட்டு அபூ ராமிஸ், மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிப் போட்ட புதுத் தரையை, வாசலிலிருந்து குளியலறை வரை உடைத்தார். அடியில் குழாய் அடைத்திருக்கிறதாம்.

அவர் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கையில் அவர் வீட்டுக் காபி. குழாயில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெருவிலேயே எனக்கு மட்டும்தான் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும். சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி ஹியாம் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். "போன்ல வர்ற தண்ணிப் பக்கத்துல நம்ம தெருவே இல்லையாமே. நீங்க வேல பாக்கற இடத்துல செய்யறதுதானே அது? உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய், காலித் தொட்டியின் பக்கத்தில் நின்றேன்.

இபா விடுப்பு முடிந்து வியாழக்கிழமை வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பக்கத்தைத் திறந்து எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுபடியும் எண்ணினாள். தன் எழுத்தைத் திறந்து பார்த்தாள், யாரும் தொடவில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். மூத்த மகன் யஸனின் பேரால் இங்கே எல்லாருக்கும் நான் அபூ யஸன், ஹியாம் உம் யஸன்.

"அபூ யஸன், உங்க வீடு எங்க இருக்கு?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கறியே. மேல்மேட்டுல."

"அப்படி ஒரு எடம் இல்லியே. ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன். அப்ப தெனமும் நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளைகள், வேலை, நாயிஃப் என்று ஏதேதோ முனகினேன். அவள் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை பகல் முழுக்க அவள் தலை நிமிரவில்லை. என் சர்வர் அனுப்பும் பட்டியலை நம்பி வரிசை போடுவதை நிறுத்திவிட்டாள். ஊரின் நாற்பத்திரண்டு பெயர்களையும் தன் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்தாள். இனி அந்தப் பெயர்களுக்குத்தான் வரிசை. ஒவ்வொரு பெயருக்கும், சர்வரிலிருந்து தகவல் வந்திருந்தால் அதைக் காட்டு. வரவில்லையென்றால் கட்டத்தில் சிவப்பில் இதைக் காட்டு: 'கம்பெனியிடமிருந்து பதில் இல்லை.' எழுதி முடித்துப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, எண்ணினாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெள்ளி, சனி விடுமுறை. நாயிஃப் விடுமுறையில் எந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. அலுவலகத்தில் பார்த்தது நான் ஒருவன்தான். எங்கள் தெரு ஆட்களோ, தங்கள் பேர் இல்லாத பக்கத்தைத் திறப்பதையே விட்டிருந்தார்கள். இந்தத் தடவையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த மௌனம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் தௌகான் பேக் கூட்டம் வைத்திருந்தார். ஊர்ப் பகுதிகளின் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், எங்கள் அபூ ராமிஸ் உட்பட. கோடையிலும் ஒரு குறையும் இல்லாமல் தண்ணீர் கொடுக்கிறோம் என்று பேசிவிட்டு, பேக் பெரிய திரையில் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தது. பச்சை, பச்சை, பச்சை என்று மேலிருந்து இறங்கி வந்தது. கடைசியில் சிவப்பு.

அபூ ராமிஸ் எழுந்து, கண்ணாடியை மாட்டி, அந்த வரிசையை மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

"அப்ப எங்க குழாய்ல ஒண்ணும் இல்லியா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. "அப்ப என் தரைய நான் எதுக்கு ஒடச்சேன்?"

பேக்கின் முகம் மாறிவிட்டது. இதை யார் போட்டது என்று கேட்டார். நாயிஃபுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்வரிசையிலிருந்து இபா எழுந்து நின்றாள்.

"நான்தான், பேக்."

"இந்த வரிசைய இப்பவே எடும்மா."

"வரிசைய எடுக்க முடியாது. அங்க ஜனங்க இருக்காங்க. இதோ ஒருத்தர் நின்னுகிட்டிருக்கார், பாருங்க."

"அப்ப அந்த எழுத்தயாவது எடு."

"அது என் கையில இல்ல, பேக். உங்க வால்வுல இருக்கு. வால்வுக்காரர் 'திறந்தேன்'னு அனுப்பினா அந்த எழுத்து தானா போயிடும், நான் தொடவே வேணாம். அப்படித்தான் எழுதியிருக்கேன். பொய்யாவும் அனுப்பலாம். ஆனா இங்க இருக்கறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குழாயத் திறந்து பாப்பாங்க."

அவள் குரல் நடுங்கியது. நடுங்கியதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கே பிடிக்காது. ஆனால் உட்காரவில்லை. கீழ்த்தெருப் பெரியவர் ஒருவர், தன் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிறவர், போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் மண்டபமே படம் பிடித்தது.

மறுநாள் காலை நாயிஃப் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுவதாக அதில் எழுதியிருந்தது. ஒரு வரிசைக்காக இப்படிச் செய்துகொண்டாயே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் பேனாவை எடுத்து 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதை அடித்துவிட்டு, 'முதலாளி அனுப்பியதால்' என்று மேலே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். மேசையில் அவளுடையதென்று ஒரு கோப்பையும் மரமிய்யா பொட்டலமும்தான் இருந்தன. கோப்பையை எடுத்துக்கொண்டாள். பொட்டலத்தை என் மேசையில் வைத்தாள். பழைய இலை என்றாள்.

அவள் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் நாயிஃப் என்னிடம் வந்தார். அவள் பக்கத்தைத் திற, அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்துவிடு, பழையபடி செய் என்றார்.

"அந்தப் பக்கத்து வேல எனக்குத் தெரியாது, உஸ்தாத்" என்றேன்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கற. ஒரு பட்டியல எடுக்கத் தெரியாதா?"

"இருபது வருஷமா இருக்கேன். தெரியாது."

பச்சைப் பொய். அவருக்கும் தெரியும். நான் சொன்ன பொய்களிலேயே வெட்கப்படாமல் சொன்னது அது ஒன்றுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டுப் பேர் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேரை அனுப்ப முடியாது என்று கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது அவர் அக்காவும் மேல்மேட்டில் இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்திருக்கலாம். திரும்பிப் போய்விட்டார். நான் சர்வரைத் திறந்து, என் கையால் எடுத்ததை என் கையால் திரும்ப வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் முறை. ஒன்பதே கால் மணிக்கு ஹியாமிடமிருந்து போன் வந்தது. அவள் பேசவில்லை, போனைக் குழாயருகில் பிடித்திருந்தாள். காற்று சீறியது. ரொம்ப நேரம் சீறியது, அப்புறம் ஒரு இருமல், அப்புறம் தண்ணீர்.

பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்திரண்டாவது வரிசையில் சிவப்பு எழுத்து இல்லை. பச்சைத் துளி நின்றது. யாரும் அந்த எழுத்தைத் தொடவில்லை. அவள் சொன்னது போலத் தானாகவே போயிருந்தது.

இபாவுக்குப் போன் போட்டேன். தண்ணீர் வந்துவிட்டது என்றேன்.

"வரிசை எத்தன?"

"நாப்பத்திரண்டு."

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன். விரலால தொட்டு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது போலிருந்தது. கேட்டால் இல்லை என்பாள்.

"அப்பறம் எங்கிட்ட என்ன பேச்சு?" என்றாள். "வீட்டுக்குப் போங்க. உம் யஸன் ஒருத்தியே மூணு வாரத் துணியத் தொவைக்கணுமா?"

சட்டையின் கையை மடித்துக்கொண்டு எழுந்தேன். ஒன்பதரை மணிக்கு எங்கே கிளம்பிவிட்டாய் என்று நாயிஃப் கேட்டார். நான் அனுமதி கேட்கவில்லை. "மேல்மேட்டுல தண்ணி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.